.270-ஐ விற்க வேண்டாம், குண்டை மாற்றுங்கள்

கேள்வி: என்னிடம் .270 வின்செஸ்டர் ரைஃபிள் இருக்கிறது. குழல் 22 அங்குலம், ட்விஸ்ட் 1:10 (குண்டு 10 அங்குலத்துக்கு ஒரு சுற்றுச் சுழலும்). ஸ்கோப்போடு சேர்த்து எடை 3.4 கிலோ. இதுவரை சமவெளியில் மான் மட்டுமே வேட்டையாடியிருக்கிறேன். 130 கிரெய்ன் (குண்டின் எடை, ஏறக்குறைய 8.4 கிராம்) சாதாரண சாஃப்ட் பாயின்ட் தோட்டாதான் பயன்படுத்தினேன். மேசையில் வைத்துச் சுட்டால் 100 மீட்டரில் 4 செ.மீ.க்குள் விழுகிறது. அடுத்த பருவத்தில் ராக்கி மலைகளில் மவுன்டன் கோட் என்னும் மலையாடு, அதற்கடுத்த ஆண்டு மத்திய ஆசியாவில் ஐபெக்ஸ் என்னும் காட்டாடு என்று உரிமம் எடுக்கத் திட்டம். நண்பர்கள் .270-ஐ விற்றுவிட்டு .300 வின்செஸ்டர் மேக்னம் வாங்கச் சொல்கிறார்கள். கடைக்காரர் 7 எம்.எம். பி.ஆர்.சி.யைச் சொல்கிறார். எதை வாங்குவது? எந்தக் குண்டு? எவ்வளவு தூரம்வரை சுடலாம்?

பதில்: துப்பாக்கியை விற்க வேண்டாம். நீங்கள் மாற்ற வேண்டியது தோட்டாவின் முனையில் இருக்கும் குண்டை. நீங்கள் குறிப்பிட்ட இரண்டு விலங்குகளுக்கும் .270 போதும். சமவெளி மானுக்குப் பயன்பட்ட 130 கிரெய்ன் சாஃப்ட் பாயின்ட்தான் போதாது.

நண்பர்கள் சொல்வதிலிருந்து தொடங்குவோம். .300 வின்செஸ்டர் மேக்னம் 'நேராகப் பறக்கும்' என்று பலரும் நம்புகிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. .270-இல் 130 கிரெய்ன் குண்டு வினாடிக்கு ஏறக்குறைய 3,060 அடி வேகத்தில் கிளம்புகிறது. .300-இல் வழக்கமான 180 கிரெய்ன் குண்டின் வேகம் 2,960 அடி. இரண்டையும் 200 கஜத்தில் ஜீரோ செய்து (அந்தத் தூரத்தில் குண்டு குறியிலேயே விழும்படி ஸ்கோப்பை அமைத்து) 400 கஜத்தில் சுட்டால், இரண்டுமே 19, 20 அங்குலம் அளவுக்குத்தான் கீழே இறங்குகின்றன. .300 தருவது வேறு: கனமான குண்டு, கூடுதல் ஆற்றல், நல்ல வடிவக் குண்டு போட்டால் காற்றில் குறைந்த விலகல். பெரிய எல்க் மானுக்கும் பழுப்புக் கரடிக்கும் அது பொருள் உள்ள வேறுபாடு. நூறு கிலோ எடை வாக்கில் இருக்கும் ஆட்டுக்கு அவ்வளவு தேவைப்படுவதில்லை.

அதற்கு நீங்கள் தோளில் கொடுக்கும் விலையைப் பாருங்கள். 3.4 கிலோ ரைஃபிளில் பின்னுதை ஆற்றல் ஏறக்குறைய இப்படி வரும்: 6.5 கிரீட்மூர் 19 ஜூல், .270 வின்செஸ்டர் 25, 6.5 பி.ஆர்.சி. 27, 7 எம்.எம். ரெமிங்டன் மேக்னம் 34, 7 எம்.எம். பி.ஆர்.சி. 40, .300 வின்செஸ்டர் மேக்னம் 45. மலைக்கென்று எடை குறைந்த ரைஃபிள் வாங்கினால் இது இன்னும் ஏறும். 4 கிலோவை 3 கிலோவாகக் குறைத்தால் அதே தோட்டாவின் உதை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். மேசையில் நிமிர்ந்து உட்கார்ந்து சுடும்போது 45 ஜூலைத் தாங்கிக்கொள்ளலாம். சரிவில் தலைகீழாகப் படுத்து, முதுகுப்பையின் மேல் ரைஃபிளை வைத்து, கழுத்தை வளைத்துக்கொண்டு ஸ்கோப்பில் பார்க்கும்போது அதே உதை ஸ்கோப்பின் விளிம்பைப் புருவத்தில் கொண்டுவந்து அடிக்கும். மேல்நோக்கிச் சுடும்போது இந்த ஆபத்து அதிகம். ஒருமுறை அடிபட்டவர் அடுத்த சுடலில் விசையை இழுக்கும் நொடியில் கண்ணை மூடுவார். அதன் பிறகு எந்தத் தோட்டா போட்டாலும் ஒன்றுதான்.

குழல்வாயில் மாட்டும் துளையுள்ள மஸில் பிரேக் போட்டால் உதை நன்றாகவே குறையும். ஆனால் அது வெடிச்சத்தத்தைப் பக்கவாட்டிலும் பின்னாலும் திருப்புகிறது. மலையில் வழிகாட்டி உங்கள் தோளுக்குப் பக்கத்தில்தான் படுத்திருப்பார். இருவருக்கும் காதடைப்பு இல்லாமல் பிரேக் வைத்துச் சுடுவது கேட்கும் திறனை நிரந்தரமாகக் கெடுக்கும். சைலன்சர் சட்டப்படி கிடைக்கும் நாடுகளில் அது நல்ல வழி. நீளமும் எடையும் கூடுவதால், 22 அங்குலக் குழலின் முனையில் மாட்டினால் பாறை இடுக்குகளில் சிக்கும் என்பதை மட்டும் எண்ணிக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் சொன்ன 7 எம்.எம். பி.ஆர்.சி. நல்ல தோட்டாதான். 2022-இல் வந்தது. 1:8 ட்விஸ்டும் நீளமான குண்டும் சேர்த்தே வடிவமைக்கப்பட்டது. 175 கிரெய்ன் குண்டு வினாடிக்கு 3,000 அடி. இன்று புதிதாக ரைஃபிள் வாங்குகிறவர், 500 மீட்டரில் தொடர்ந்து பயிற்சி செய்கிறவர், நான்கு கிலோவைச் சுமக்கத் தயாரானவர் என்றால் மறுப்புச் சொல்ல மாட்டேன். உங்களுக்கு இந்த மூன்றில் எதுவும் பொருந்தவில்லை. மேக்னங்களைவிட உதை குறைவாகவும் .270-ஐவிடக் காற்றுவிலகல் குறைவாகவும் வேண்டுமென்றால் 6.5 பி.ஆர்.சி.யைப் பார்க்கலாம். அதுகூட உங்கள் .270-ஐவிடப் பெரிய தாவல் அல்ல. 1925-இல் வந்த .270-க்கு இன்னொரு வசதியும் உண்டு. விமானத்தில் பெட்டி தொலைந்துபோனால், மலையடிவாரச் சிற்றூர்க் கடையில் .270, .308, .30-06, .300 வின்செஸ்டர் மேக்னம் ஆகியவற்றில் ஏதாவது கிடைக்க வாய்ப்பு அதிகம். நேற்று வந்த தோட்டாக்களுக்கு அந்த உறுதி இல்லை.

இனி குண்டு. இதில்தான் நேரம் செலவிட வேண்டும்.

சாதாரண சாஃப்ட் பாயின்ட் என்பது மெல்லிய செம்பு உறைக்குள் ஈயக்கரு, அவ்வளவே. உறையும் கருவும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்காது. 150 மீட்டரில் மானின் விலாவில் பட்டால் அழகாக விரியும். அதே குண்டு 40 மீட்டரில், வேகம் குறையாத நிலையில், தடித்த தோள் எலும்பில் பட்டால் உறை கிழிந்து ஈயம் சிதறிவிடும். மேலே பெரிய புண் இருக்கும், நெஞ்சுக்குள் எதுவும் போயிருக்காது. 1946-இல் கனடாவில் ஒரு மூஸ் மானின் தோளில் இப்படிக் குண்டுகள் உடைந்து தோற்றதைப் பார்த்துத்தான் ஜான் நோஸ்லர் நடுவில் செம்புத் தடுப்புள்ள பார்ட்டிஷன் குண்டை உருவாக்கினார். முன்பாதி விரியும், பின்பாதி உடையாமல் உள்ளே போகும். 1948-இல் விற்பனைக்கு வந்த அது இன்றும் கடையில் இருக்கிறது.

மவுன்டன் கோட்டுக்கு இது ஏன் முக்கியம்? அடிபட்ட பிறகு ஓடுவதற்கு அதற்கு நிறைய தூரம் தேவையில்லை. பத்து அடி நகர்ந்தால் போதும், செங்குத்துப் பாறையிலிருந்து கீழே உருண்டுவிடும். கொம்பு உடையும், இறைச்சி நசுங்கும், சில இடங்களில் யாராலும் இறங்கி எடுக்கவே முடியாது. நுரையீரலில் சரியாகப் பட்டாலும் அது சில நொடிகள் நிற்கும், நகரும். ஆகவே நின்ற இடத்திலேயே விழவைக்கத் தோள் எலும்பை உடைத்து நெஞ்சுக்குள் போகும் சுடலைப் பலர் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தச் சுடலைத் தாங்கும் குண்டு வேண்டும். அதைவிட முக்கியமாக, விலங்கு விழுந்தால் எங்கே போகும் என்று பார்த்த பிறகே விசையைத் தொட வேண்டும். விளிம்பில் நிற்கிறது என்றால் உள்ளே நகரும்வரை காத்திருங்கள். நகராவிட்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

மறுபக்கத்தில் நெடுந்தூரப் போட்டிக்கென்று செய்த மெல்லுறைக் குண்டுகள் இருக்கின்றன. தாளில் அற்புதமாகச் சேர்ந்து விழும். 500 மீட்டரில் வேகம் குறைந்த நிலையிலும் விரியும். கிட்டத்தில் எலும்பில் பட்டால் என்ன ஆகும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. மலையில் 400 மீட்டருக்குத் தயாராகிப் போகிறவர் முகட்டைத் தாண்டியதும் 30 மீட்டரில் விலங்கைச் சந்திப்பது புதிதல்ல. உங்கள் குண்டு இரண்டு முனையிலும் வேலை செய்ய வேண்டும்.

அதற்கு இரண்டு வகை பொருந்தும். ஒன்று, உறையும் ஈயக்கருவும் ஒட்டவைக்கப்பட்ட பாண்டட் குண்டு. நோஸ்லர் அக்யூபாண்ட், ஸ்விஃப்ட் சிரோக்கோ, ஃபெடரல் டெர்மினல் அசென்ட் இந்த வகை. மற்றது, ஈயமே இல்லாத முழுச்செம்புக் குண்டு. பார்ன்ஸ் டி.டி.எஸ்.எக்ஸ்., எல்.ஆர்.எக்ஸ்., ஹார்னடி சி.எக்ஸ்., நோஸ்லர் ஈ-டிப் போன்றவை. முழுச்செம்பு கிட்டத்தட்ட எடை இழக்காமல் ஊடுருவும். எலும்பைப் பற்றிக் கவலை இல்லை. அதன் பலவீனம் வேகம் குறையும்போது தெரியும். குறைந்த வேகத்தில் பட்டால் முனை விரியாது. பென்சில் குத்தியதுபோல் ஒரு துளையைப் போட்டுவிட்டு மறுபக்கம் போய்விடும். விலங்கு எதுவும் நடக்காததுபோல் நடந்துபோகும், எங்கோ போய் மெல்லச் சாகும்.

எனவே தூர எல்லையை ஆற்றலை வைத்து முடிவு செய்யாதீர்கள், படும்போது இருக்கும் வேகத்தை வைத்து முடிவு செய்யுங்கள். குண்டு செய்பவர் 'இவ்வளவு வேகத்துக்கு மேல் விரியும்' என்று ஓர் எண் தருவார். அக்யூபாண்டுக்கு அது வினாடிக்கு 1,800 அடி. அந்த எண்ணோடு குறைந்தது 200 அடியைச் சேர்த்து உங்கள் எல்லையாக வையுங்கள், ஏனென்றால் அந்த எண்ணில் குண்டு விரியத் தொடங்குகிறது, அவ்வளவுதான். நன்றாக விரிய அதற்கு மேல் வேண்டும்.

உங்கள் ரைஃபிளுக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். பெட்டியில் அச்சிட்ட வேகம் 24 அங்குலக் குழலில் அளந்தது. உங்களுடையது 22. அங்குலத்துக்கு 20, 30 அடி குறையும் என்று வைத்தால் 130 கிரெய்ன் குண்டு ஏறக்குறைய 3,000 அடியில் கிளம்பும். குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபில் அளந்து பாருங்கள், ஊகிக்க வேண்டாம். கடல்மட்டக் காற்றில் சராசரி வடிவமுள்ள 130 கிரெய்ன் குண்டின் வேகம் வினாடிக்கு 2,000 அடியாகக் குறைவது 350 மீட்டர் வாக்கில். 140 கிரெய்ன் அக்யூபாண்ட் 2,900 அடியில் கிளம்பினாலும் காற்றை நன்றாகக் கிழிப்பதால் 400 மீட்டரில்கூட 2,100-க்கு மேல் வைத்திருக்கும். மெதுவாகக் கிளம்பியது தொலைவில் முந்திவிடுகிறது. உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் இரண்டுக்குமே தூரம் இன்னும் கூடும்.

என் தேர்வு 140 கிரெய்ன் அக்யூபாண்ட் அல்லது 136 கிரெய்ன் டெர்மினல் அசென்ட். இரண்டு வேட்டைக்கும் ஒரே குண்டு. ஈயம் தடை செய்யப்பட்ட இடமென்றாலோ, இறைச்சியில் ஈயத்துகள் வேண்டாம் என்று நினைத்தாலோ, 129 கிரெய்ன் எல்.ஆர்.எக்ஸ். அல்லது 130 கிரெய்ன் டி.டி.எஸ்.எக்ஸ். எடுத்துக்கொண்டு தூர எல்லையை 50 மீட்டர் சுருக்கிக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எல்லா வேட்டைக்கும் ஈயக் குண்டு தடை. ஜெர்மனியில் பெருவிலங்குகளுக்குக் குறைந்தது 6.5 மி.மீ. விட்டமும் 100 மீட்டரில் 2,000 ஜூல் ஆற்றலும் சட்டப்படி வேண்டும். நீங்கள் போகும் மாநிலத்தின், நாட்டின் விதியைத் தோட்டா வாங்குவதற்கு முன் படித்துவிடுங்கள்.

.270-க்கு 165, 170 கிரெய்ன் என்று நீண்ட குண்டுகளும் கிடைக்கின்றன. அவற்றைத் தொடாதீர்கள். 1:10 ட்விஸ்ட் அவற்றைச் சுழற்றி நிலைநிறுத்தப் போதாது. 1:8 அல்லது அதைவிட வேகமான ட்விஸ்ட் வேண்டும். 2021-இல் வந்த 6.8 வெஸ்டர்ன் அதே விட்டக் குண்டை வேகமான ட்விஸ்டோடு தருவது இதற்காகத்தான். செம்பு ஈயத்தைவிட இலேசானது என்பதால், ஒரே எடையில் செம்புக் குண்டு நீளமாக இருக்கும். ஆகவே முழுச்செம்பில் 130-ஐத் தாண்ட வேண்டாம். தாளில் துளை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக விழுந்தால் குண்டு ஆடிக்கொண்டு போகிறது என்று பொருள். அந்தப் பெட்டியை ஒதுக்கிவிடுங்கள்.

எந்தக் குண்டைத் தேர்ந்தாலும் உங்கள் குழல் அதை விரும்புகிறதா என்று சுட்டுத்தான் தெரியும். மூன்று வகையில் இரண்டிரண்டு பெட்டி வாங்குங்கள். ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது, குறிப்பாக ஈயத்திலிருந்து முழுச்செம்புக்கு, குழலைச் செம்புக்கறை போகும்வரை துடைத்துவிட்டு நாலைந்து தோட்டாவைச் சும்மா சுட்டு, அதன் பிறகே தாளில் அளக்கத் தொடங்குங்கள். மூன்று தோட்டா மட்டும் தாளில் சேர்ந்து விழுந்த குழு பார்க்க அழகாக இருக்கும், ஒன்றும் சொல்லாது. ஐந்தைந்தாக இரண்டு குழுவாவது வேண்டும். மெல்லிய குழல் சூடானால் குறி மேலேறும், எனவே மூன்றுக்குப் பிறகு கையால் தொட்டுப் பார்த்து ஆறவிடுங்கள். குளிர்ந்த குழலின் முதல் தோட்டா எங்கே விழுகிறது என்பதைத் தனித்தாளில் பல நாள்கள் சேர்த்து வையுங்கள். மலையில் நீங்கள் சுடப்போவது அதைத்தான். பிடித்த வகை கிடைத்ததும் ஒரே லாட் எண்ணில் (ஒரே தயாரிப்புத் தொகுதியில்) ஐந்தாறு பெட்டி வாங்கிவிடுங்கள். லாட் மாறினால் வேகம் மாறும். பழைய சாஃப்ட் பாயின்ட்களை வீணாக்க வேண்டாம், நிலை மாற்றிச் சுடும் பயிற்சிக்கு அவை போதும்.

உங்கள் 4 செ.மீ. குழுவைப் பற்றி ஒரு வார்த்தை. 100-இல் 4 என்றால் 400-இல் குறைந்தது 16. அதுவும் மேசையில். ஆட்டின் நெஞ்சுக்கூட்டில் உயிர்ப்பகுதி ஏறக்குறைய 25 செ.மீ. மேசையிலிருந்து எழுந்ததும் உங்கள் குழு இரண்டு மடங்காகும் என்று வைத்துக்கொண்டால், 400 மீட்டரில் காற்றே இல்லாவிட்டாலும் கைநழுவும். நல்ல தோட்டா இதை 2.5, 3 செ.மீ.க்குக் கொண்டுவரலாம். மீதி பயிற்சிதான்.

ஜீரோவை எளிமையாக வையுங்கள். 100 மீட்டரில் குறிக்கு 6 செ.மீ. மேலே விழும்படி அமைத்தால் 230 மீட்டர் வாக்கில் குறியோடு சேரும். 275 மீட்டர்வரை மேலேயும் கீழேயும் 9 செ.மீ.க்குள்தான் விலகும். அந்தத் தூரம்வரை நெஞ்சின் நடுவைப் பார்த்துச் சுடுங்கள், ஸ்கோப்பின் எந்தக் குமிழையும் திருக வேண்டாம். அதற்கு அப்பால் தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டரும், எந்தத் தூரத்தில் குண்டு எவ்வளவு இறங்கும் என்ற அட்டவணையும் வேண்டும். அட்டவணையைச் சிறு தாளில் எழுதி ஸ்டாக்கில் (ரைஃபிளின் கட்டையில்) ஒட்டிவிடுங்கள். கைப்பேசியின் பேட்டரி குளிரில் இறந்துபோகும்.

மலையில் மூன்று விஷயம் அட்டவணையைப் பொய்யாக்கும்.

முதலாவது கோணம். ஏறிய சரிவோ இறங்கிய சரிவோ, குண்டை இழுக்கும் புவியீர்ப்பு கிடைமட்டத் தூரத்தையே கணக்கில் எடுக்கும். நேர்த்தூரத்தைக் கோணத்தின் கொசைனால் பெருக்க வேண்டும். 30 பாகைக்கு 0.87, 35-க்கு 0.82, 45-க்கு 0.71. 35 பாகைச் சரிவில் 400 மீட்டர் காட்டினால் 328 மீட்டருக்குச் சுட வேண்டும். இதை மறந்து 400-க்கு உயர்த்தினால் ஏறக்குறைய ஓர் அடி மேலே, முதுகுக்கு மேல் போய்விடும். மலையில் தவறும் சுடல்கள் மேலே போவதற்கு இது முதற்காரணம். இன்றைய ரேஞ்ச்ஃபைண்டர்கள் திருத்திய தூரத்தைக் காட்டுகின்றன. உங்களுடையதில் எந்த எண் திரையில் வருகிறது என்று புறப்படும் முன் பார்த்து வையுங்கள். காற்றுக்கு மட்டும் திருத்திய தூரத்தை எடுக்கக்கூடாது. குண்டு காற்றுக்குள் பறக்கும் வழி முழு 400 மீட்டர்தான்.

கோணம் குறியிடத்தையும் மாற்றும். மேலிருந்து சுடும்போது குண்டு முதுகுப் பக்கத்தில் நுழைந்து எதிர்ப்புற அடிநெஞ்சில் வெளியேற வேண்டும். ஆகவே நமக்குத் தெரியும் பக்கத்தில் வழக்கத்தைவிடச் சற்று மேலே வையுங்கள். கீழிருந்து சுட்டால் சற்றுக் கீழே. எங்கே நுழையும் என்பதைவிட எங்கே வெளியேறும் என்று மனதில் கோடு போடுங்கள்.

இரண்டாவது காற்றின் அடர்த்தி. 3,000 மீட்டர் உயரத்தில் காற்று கடல்மட்டத்தில் இருப்பதில் நான்கில் மூன்று பங்குதான். குண்டு வேகத்தைக் காத்துக்கொள்ளும், இறக்கம் குறையும். 275 மீட்டருக்குள் இதை மறந்துவிடலாம். 400-இல் கணக்கில் எடுங்கள். குண்டின் பாதையைக் கணக்கிடும் செயலியில் காற்றழுத்தத்தைப் போடும்போது ஒரு பொறி இருக்கிறது. வானிலை அறிக்கையில் வரும் அழுத்தம் கடல்மட்டத்துக்குத் திருத்தப்பட்டது. அதை அப்படியே போட்டால் செயலி உங்களைக் கடற்கரையில் நிற்பதாக எண்ணும். அந்த இடத்தில் அளந்த உண்மை அழுத்தத்தைப் போடுங்கள், அல்லது உயரத்தைப் போடுங்கள். இரண்டையும் சேர்த்துப் போட்டு இரண்டு முறை திருத்திவிடாதீர்கள். ஐபெக்ஸ் வேட்டைக்கு முகாமை அடைந்ததும் ஜீரோவைச் சரிபார்க்க நாலைந்து தோட்டாவை ஒதுக்குங்கள். பயணத்தில் ஸ்கோப் அடிபட்டிருந்தாலும் அப்போது தெரிந்துவிடும்.

மூன்றாவது குளிர். 25 பாகை செல்சியஸில் சரிபார்த்த தோட்டாவை உறைநிலைக்குக் கீழே 15-இல் சுட்டால், வெப்பத்துக்கு உணர்வுள்ள வெடிமருந்தில் வேகம் வினாடிக்கு 50, 70 அடிகூடக் குறையலாம். ஹாட்ஜ்டன் எக்ஸ்ட்ரீம் வரிசை போன்ற நிலையான மருந்துகளில் இது சிறிது. ஆலைத்தோட்டாவில் எந்த மருந்து என்று பெட்டி சொல்லாது, எனவே குளிர்ந்த நாளில் குரோனோகிராஃபில் ஒருமுறை அளந்துவிடுங்கள். தோட்டாவைச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்கிக்கொண்டு, ரைஃபிளைப் பனியில் விட்டுவைப்பதும் வேண்டாம். நேற்று எப்படி அளந்தீர்களோ அப்படியே இன்றும் இருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி காற்றின் வீச்சு. வினாடிக்கு நாலரை மீட்டர் பக்கக்காற்றில், அதாவது முகத்தில் நன்றாக உணரும் காற்றில், 400 மீட்டரில் 130 கிரெய்ன் குண்டு ஏறக்குறைய 34 செ.மீ. தள்ளப்படும். நெஞ்சிலிருந்து குடலுக்கு அது போதும். 6.5 பி.ஆர்.சி.யின் 143 கிரெய்ன் நீள்குண்டுகூட 23 செ.மீ. தள்ளப்படும். ஆகவே விலையுயர்ந்த தோட்டா இந்தச் சிக்கலைத் தீர்க்காது, சற்றுக் குறைக்கும். பள்ளத்தாக்கைக் கடந்து சுடும்போது நீங்கள் இருக்கும் இடத்தில் ஒரு காற்று, நடுவில் வேறொன்று, விலங்கு நிற்கும் பாறையோரத்தில் மேலெழும் காற்று. நடுவில் இருப்பதை அளக்கக் கருவி கிடையாது. புல் அசைவதையும் பனித்தூள் பறப்பதையும்தான் பார்க்க வேண்டும். புரியவில்லை என்றால் நெருங்கிப் போங்கள்.

எவ்வளவு தூரம்வரை என்று கேட்டீர்கள். 25 செ.மீ. உலோகத்தட்டு ஒன்றை வையுங்கள். சரிவில் வேகமாக நடந்து மூச்சு வாங்கும்போதே முதுகுப்பையை இறக்கி, படுத்தோ உட்கார்ந்தோ ஐந்து தோட்டா சுடுங்கள். ஐந்தும் பட்டால் அந்தத் தூரம் உங்களுடையது. நான்கு பட்டால் அது உங்களுடையது அல்ல. 150-இல் தொடங்கி ஐம்பது ஐம்பதாகத் தள்ளுங்கள். உங்கள் இன்றைய நிலையில் 250 வரும் என்று எண்ணுகிறேன், ஒரு பருவம் உழைத்தால் 350. அதற்கு அப்பால் இந்த ரைஃபிளோடு போக வேண்டாம். கீழே படுக்கும் பயிற்சிக்கு நிகராக, உட்கார்ந்து முழங்கைகளை முழங்கால்களுக்கு உள்ளே ஊன்றிச் சுடும் பயிற்சியும் வேண்டும். செங்குத்துச் சரிவில் படுக்க இடம் இருக்காது.

சுடும் நேரத்தில் நடக்கும் சில தவறுகள். பாறை விளிம்பின் மேலிருந்து சுடும்போது ஸ்கோப் வழியே எல்லாம் தெளிவாகத் தெரியும். ஆனால் குழல் அதற்கு 4, 5 செ.மீ. கீழே இருக்கிறது. குண்டு இரண்டடி முன்னாலிருக்கும் கல்லில் பட்டு, சில்லு முகத்தில் தெறிக்கும். விசையைத் தொடும் முன் தலையை ஸ்கோப்பிலிருந்து எடுத்துக் குழலின் வழியே ஒருமுறை பாருங்கள். குழலை நேராகப் பாறையில் வைக்காதீர்கள், வைத்தால் குண்டு குறியை விட்டு விலகும். ஸ்டாக்குக்கு அடியில் கையுறையோ மடித்த சட்டையோ வையுங்கள். குழல்வாயில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டினால் பனியும் சேறும் உள்ளே போகாது. அதை எடுக்காமலே சுடலாம், குண்டுக்கு முன்னே தள்ளப்படும் காற்றே அதைக் கிழித்துவிடும். போல்ட்டில் இருக்கும் தடித்த எண்ணெயை முழுக்கத் துடைத்துவிடுங்கள். குளிரில் அது இறுகினால் தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஊசி மெதுவாக அடிக்கும், தோட்டா வெடிக்காமல் போகும்.

முதல் தோட்டா பட்டதும் போல்ட்டை உடனே இயக்கி இரண்டாவதை ஏற்றிவிட்டு, ஸ்கோப்பிலேயே கண்ணை வையுங்கள். நிற்கிற ஆட்டை மறுபடி சுடுங்கள். இறைச்சி கொஞ்சம் கெடும் என்று யோசிக்க வேண்டாம்.

பயணத்துக்கு: பெரும்பாலான விமான நிறுவனங்கள் ஒருவருக்கு 5 கிலோவரை தோட்டாவை, பதிவு செய்த பெட்டியில் மட்டும், முன்னனுமதியோடு ஏற்கின்றன. ஒரு பெட்டி .270 தோட்டா அரைக் கிலோவுக்குச் சற்று மேல் வரும். மூன்று பெட்டி போதும்: ஜீரோவுக்கு ஒன்று, வேட்டைக்கு ஒன்று, கையிருப்பாக ஒன்று. ஆலையின் அசல் பெட்டியிலேயே வையுங்கள், உதிரியாகப் பையில் போட்டால் பல நாடுகளில் பறித்துக்கொள்வார்கள். போகும் நாடு, இடையில் இறங்கும் நாடு இரண்டின் துப்பாக்கி அனுமதியும் தனித்தனியே வேண்டியிருக்கும். அனுமதித் தாளில் ரைஃபிளின் வரிசை எண்ணும் காலிபரும் எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று சரிபாருங்கள்.